வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது

சென்னைப் பட்டணத்துத் தமிழில் 'எம்டன்' என்று ஒரு வார்த்தை வழங்கி வருகிறது. ஒருவன் மகா கெட்டிக்காரன், எங்கே எப்பொழுது முளைப்பான் என்று சொல்ல முடியாது, பிடிக்கப் போனால் அகப்படவும் மாட்டான் என்றால், "அவன் பெரிய எம்டனாச்சே!" என்பார்கள். விஷமக்காரப் பேரனைப் பார்த்துப் பாட்டிமார் சொல்வதும் இதைத்தான். 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு, ஜெர்மானியப் போர்க் கப்பலாகிய எம்டன் நம் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. பிறகு விளக்குகளை அணைத்துக் கொண்டு வந்த வழியே போய்விட்டது. அரை மணி நேர வேலைக்குத் தமிழ் மொழியில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட குடியிருப்பு! ஐகோர்ட் மதிலில் ஒரு கல்வெட்டும் உண்டு.

எம்டன் வந்துபோன ஐம்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு, இதே கடலுக்கு இன்னொரு விரோதிக் கப்பல் வந்தது. எம்டனைவிட ரகசியமாக வந்தது. எம்டன் நினைத்ததைவிடப் பெரிய காரியத்தை நினைத்து வந்தது. ஆனால் குண்டு ஒன்றும் போடாமல் போய்விட்டது. ஆகையால் அதற்கு நம் மொழியில் ஒரு சொல்லும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அந்தக் கப்பலையும் அதை நடத்தி வந்த அதிகாரியையும் பற்றி இந்த வாரம் கொஞ்சம் பேசலாம் என்று எண்ணுகிறோம்.

இந்த எண்ணம் நமக்கு உதித்த இடம் நொச்சிக்குப்பம். மயிலாப்பூரிலிருந்து கச்சேரி ரோடு வழியாகக் கிழக்கே நடந்து, சாந்தோம் மாதா கோயிலை அடைந்து, கடற்கரையோரமாக வடக்கே திரும்பினால் நொச்சிக்குப்பம் வந்துவிடும். 2024-ஆம் வருஷத்தில் அங்கே புதிய மீன் அங்காடி கட்டித் திறந்த பிறகு, சாலையோரத்து வியாபாரம் கூரைக்கு அடியில் போயிருக்கிறது. கட்டுமரங்கள் இருந்த இடத்தில் இப்பொழுது பெரும்பாலும் ஃபைபர் படகுகள். மாலை வேளையில் காற்று வாங்கப் போன நாம், படகு நிழலில் உட்கார்ந்து வலை செப்பனிட்டுக் கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். வயது எழுபதுக்கு மேல். 1971-ஆம் வருஷம் கார்த்திகை மாதம் அவர் வாலிபர், கட்டுமரம் ஏறிக்கொண்டிருந்தவர்.

"அந்த வருஷம் சண்டை நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டோம்.

"சண்டைன்னு ரேடியோல சொன்னாங்க ஐயா. எங்களுக்கு வாடைக் காத்துதான் சண்டை. கடலுக்குப் போனாத்தான் சோறு. போனோம், வந்தோம்."

"அப்பொழுது இந்தக் கடலில் தண்ணீருக்கு அடியில் பாகிஸ்தான் கப்பல் ஒன்று சுற்றிக் கொண்டிருந்ததாம்."

பெரியவர் ஊசியை நிறுத்திவிட்டு நம்மை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். "இங்கியா?" என்றார்.

இங்கேதான். கப்பலின் பெயர் காஜி. மதத்துக்காகப் போர் புரியும் வீரன் என்று அர்த்தம். அதன் பிறவிப் பெயர் வேறு. 1944-ஆம் வருஷக் கடைசியில் அமெரிக்காவில் நீரில் இறக்கப்பட்ட பொழுது அதற்கு 'டயாப்லோ' என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிஷ் பாஷையில் அதற்குப் பிசாசு என்று பொருள். 1964-இல் அமெரிக்கா அதைப் பாகிஸ்தானுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது, பிசாசு வீரனாயிற்று. அடுத்த வருஷம் இரு தேசங்களுக்கும் யுத்தம் மூண்ட சமயத்தில், இந்தத் துணைக் கண்டத்திலேயே இருந்த நீர்மூழ்கிக் கப்பல் அது ஒன்றுதான். நம்மிடம் அப்பொழுது ஒன்றுகூட இல்லை.

1971-இல் பாகிஸ்தானிடம் பிரான்ஸில் கட்டிய புதிய நீர்மூழ்கிகள் மூன்று இருந்தன. ஆயினும் கராச்சியிலிருந்து புறப்பட்டு, இலங்கையைச் சுற்றிக் கொண்டு, வங்காள விரிகுடாவுக்கு வந்து, அங்கே வாரக்கணக்கில் காத்திருந்து திரும்பும் அளவுக்கு எண்ணெய் கொள்ளும் வயிறு இந்தக் கிழக் கப்பலுக்குத்தான் இருந்தது. கமாண்டர் ஜாபர் முகம்மது கான் என்பவர் அதன் தலைவர். தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் அவருடன் இருந்தார்கள். நவம்பர் 14-ந் தேதி கராச்சியை விட்டார்கள். அவர்களுக்கு இட்டிருந்த முக்கியமான வேலை: நம்முடைய ஒரே விமானந் தாங்கிக் கப்பலாகிய விக்ராந்தைக் கண்டுபிடித்து மூழ்கடிப்பது.

விக்ராந்தைத் தேடும் வேலை நவம்பர் 23-ந் தேதி சென்னைக் கடலில் ஆரம்பமாயிற்று என்பது பாகிஸ்தான் தரப்பார் எழுதி வைத்த கணக்கு. விக்ராந்த் அதற்குச் சுமார் பத்து நாள் முந்தியே சென்னைப் பக்கத்தை விட்டு அந்தமான் தீவுகளுக்குப் போய்விட்டது. இது கமாண்டர் கானுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் நேயர்கள் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். நீர்மூழ்கியில் உத்தியோகம் பார்க்கும் அதிகாரியின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். மற்றக் கப்பல்களில் மேல்தளம் இருக்கிறது, வானம் இருக்கிறது, விடிந்தால் வெளிச்சம் வருகிறது. நீர்மூழ்கியிலோ பகலெல்லாம் தண்ணீருக்கு அடியில் வாசம். அங்கே மின்சார பாட்டரியைக் கொண்டுதான் கப்பல் நகர வேண்டும். டீஸல் யந்திரத்துக்குக் காற்று வேண்டும். காற்றோ மேலே இருக்கிறது. ஆகையால் இரவானதும் மேலே வந்தோ, சுவாசக் குழாயை மட்டும் நீருக்கு மேல் நீட்டியோ யந்திரத்தை ஓட்டிப் பாட்டரியை நிரப்பிக் கொள்ள வேண்டும். பாட்டரி நிரம்பும் சமயத்தில் ஹைட்ரஜன் வாயு கசியும். அது ஓரளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும்.

குடி தண்ணீருக்கு அளவு உண்டு. குளிப்பு என்பது ஞாபகத்தில் மட்டும். எல்லாவற்றிலும் டீஸல் நாற்றம் - சோற்றில், சட்டையில், தலையணையில். ஒருவன் எழுந்த படுக்கையில் அவன் சூடு ஆறுமுன் இன்னொருவன் படுப்பான். இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக் கொள்ளலாம் என்று வைத்துக் கொள்வோம். நம்மால் பொறுக்க முடியாது என்று தோன்றுகிற விஷயம் வேறு. கப்பலில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் வெளி உலகத்தைப் பார்க்க ஒரே கண்தான்: பெரிஸ்கோப் என்ற அந்த நீண்ட குழாய். வேட்டையின்போது அதில் கண்ணை வைக்கிறவர் காப்டன். அவர் 'கப்பல்' என்றால் கப்பல். 'ஒன்றுமில்லை' என்றால் ஒன்றுமில்லை. பார்வை ஒருவருக்கு, பலன் எல்லோருக்கும்.

அந்த நவம்பர் மாதத்தில் கமாண்டர் கான் அந்தக் குழாயில் எதைப் பார்த்தாரோ நாம் அறியோம். கரைக்கு மிகவும் நெருங்கியிருந்தால் சாந்தோம் கோபுர முனை தெரிந்திருக்கலாம். நொச்சிக்குப்பத்துக் கட்டுமரம் ஒன்று அலையின்மேல் ஏறி இறங்கியதைக்கூடப் பார்த்திருக்கலாம். இது நம்முடைய கற்பனை. அவர் பார்க்க விரும்பிய விக்ராந்த் மட்டும் நிச்சயமாகத் தெரியவில்லை.

நம் தேசத்தாரிலும் இந்தக் கடினமான தொழிலுக்குத் துணிந்து போனவர்கள் அப்பொழுது இருந்தார்கள். நம்முடைய முதல் நீர்மூழ்கிக் கப்பலாகிய கல்வரி, 1967-ஆம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி, சோவியத் நாட்டின் ரீகா துறைமுகத்தில் நம் கொடியை ஏற்றியது. அதன் முதல் தலைவர் கமாண்டர் கே. எஸ். சுப்ரமணியன். சூயஸ் கால்வாய் அப்பொழுது மூடிக் கிடந்தபடியால், ஆப்பிரிக்கா கண்டம் முழுவதையும் சுற்றிக் கொண்டு 1968-இல் அந்தக் கப்பல் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தது. எம்டனின் காப்டன் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் நம்மில் சிலராவது இருக்கிறார்கள். கல்வரியின் முதல் காப்டன் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? இக்கட்டுரை எழுதப் புகுமுன் நமக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக் கொள்கிறோம்.

1971 யுத்தத்தில் கராஞ்ச் என்ற நீர்மூழ்கியை மேற்குக் கடலில் நடத்தி வீர சக்கர விருது பெற்ற கமாண்டர் வி. எஸ். ஷெகாவத், 1993-இல் கடற்படைத் தலைவரே ஆனார். நீர்மூழ்கியிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் மனிதர் அவர்தான். குர்சுரா என்ற இன்னொரு நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் மணல்மேல் ஏறி உட்கார்ந்து, 2002 முதல் காட்சி சாலையாக இருக்கிறது. உள்ளே நுழைந்து ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் குனிந்து குனிந்து நடந்து வெளியே வந்தால், மேலே சொன்ன படுக்கைக் கதை வேறு யாரும் சொல்லாமலே விளங்கும். அதேபோல் வாக்லி என்னும் கப்பலை மாமல்லபுரத்தில் வைக்கப் போவதாகப் பல வருஷம் சொல்லிக் கொண்டிருந்தார்கள். அது நடக்கவில்லை. கல்லில் ரதம் செதுக்கிய ஊருக்கு இரும்பில் ஒரு கப்பல் கிடைக்காமற் போயிற்று.

சென்னைக் கடலில் ஏமாந்த காஜியின் கதைக்குத் திரும்புவோம்.

அதை ஏமாற்றியவர் ஒரு தமிழர். நாகர்கோவிலில் 1919-ஆம் வருஷம் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் அப்பொழுது விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைக்குத் தலைவர். இரண்டாவது உலக யுத்தத்திலேயே வீரப் பதக்கம் பெற்றவர். அவர் நிலைமையைப் பாருங்கள். அவரிடம் இருந்த பெரிய ஆயுதம் விக்ராந்த். அதன் நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். வேகமாக ஓட முடியாத கப்பல். நீர்மூழ்கியின் டார்பிடோவுக்குச் சுலபமான இரை. அதைத் துறைமுகத்திலேயே பூட்டி வைத்தால் யுத்தத்துக்கு உதவாது. வெளியே விட்டால் காஜி காத்திருக்கும்.

காஜி வந்துவிட்டது என்பதற்கு அவருக்கு அடையாளம் கிடைத்த விதம் ரசமானது. பாகிஸ்தான் கடற்படையார் சிட்டகாங் துறைமுகத்துக்கு அனுப்பிய ஒரு செய்தி நம்மவர் காதில் விழுந்தது. அதில் ஒரு தினுசு மசகெண்ணெயைப் பற்றி விசாரித்திருந்தார்கள். அந்த எண்ணெய் நீர்மூழ்கிகளுக்கும் கண்ணி வாரும் கப்பல்களுக்கும் மட்டுமே வேண்டியது. கிழக்குக் கடலுக்கு நீர்மூழ்கி வருகிறது என்றால், அவ்வளவு தூரம் வரக்கூடியது காஜிதான். மாதக் கணக்கில் மூச்சடக்கி ஒளிந்து வாழக் கற்றவர்களை ஒரு டப்பா எண்ணெய் காட்டிக் கொடுத்து விட்டது!

கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமானில் ஒரு மறைவான இடத்தில் ஒளித்து வைத்தார். அந்த இடத்துக்கு 'எக்ஸ்-ரே துறைமுகம்' என்று அவர் சூட்டிய புனைபெயர் எந்தப் படத்திலும் காணப்படாதது. பிறகு விக்ராந்த் விசாகப்பட்டினத்துக்கு அருகில் இருப்பதாக ஒரு நாடகம் நடத்தினார். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பல் விக்ராந்த் வேஷம் போட்டது. அது கடலில் இருந்து கொண்டு, ஒரு பெரிய கப்பல் அனுப்பக்கூடிய அளவுக்குக் கம்பியில்லாத் தந்திகளை ஓயாமல் அனுப்பிற்று. விசாகப்பட்டினத்துக் காண்டிராக்டர்களிடம் ஒரு பெருங் கப்பலுக்கு வேண்டிய மாமிசமும் காய்கறியும் கொள்முதல் செய்ய ஏற்பாடு நடந்தது. கடைத்தெருவில் சொன்னது கடல் கடந்து போகும் என்பது அவருடைய கணக்கு. மளிகைக் கடையில் சம்பந்தம் பேசினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியாத யுத்த தந்திரமா என்ன?

எல்லாவற்றையும்விட நம் மனத்தைத் தொட்டது ஒரு தந்தி. கப்பலில் இருக்கும் மாலுமி ஒருவன், நோயுற்ற தன் தாயாரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதுபோல், மறைமொழி இல்லாமல் ஒரு தந்தி அனுப்பப்பட்டது. யுத்த காலத்தில் இப்படிச் செய்வது பெரிய குற்றம். ஆகையால் கேட்கிறவர்கள் இது நிஜந்தான் என்று நம்புவார்கள். கிருஷ்ணன் பின்னால் எழுதிய புத்தகத்தில் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். தாயார் பெயரைச் சொல்லி விரித்த வலை இது என்று யாராவது குறை கூறலாம். எதிரே டார்பிடோவை ஏற்றிக் கொண்டு காத்திருக்கிறவனிடம் வேறு எந்த வலையை விரிப்பது என்று அவர் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

காஜி வடக்கே விசாகப்பட்டினத்துக்குப் போயிற்று. டிசம்பர் 3-ந் தேதி மாலை, மேற்கே பாகிஸ்தான் விமானங்கள் நம் விமான நிலையங்களைத் தாக்கின; யுத்தம் பிறந்துவிட்டது. அன்று நள்ளிரவுக்குச் சற்று முன்னால் ராஜ்புத் விசாகப்பட்டினம் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிற்று. வாய்க்காலைத் தாண்டிப் போகும் சமயத்தில், அதன் தலைவர் இந்தர் சிங் முன்னால் தண்ணீர் விபரீதமாகச் சுழிப்பதைக் கண்டார். நீர்மூழ்கி ஒன்று அப்பொழுதுதான் அமிழ்ந்த அடையாளமாக இருக்கலாம் என்று கருதி, இரண்டு ஆழ்நீர் வெடிகுண்டுகளைப் போட்டுவிட்டுத் தம் வழியே போனார். நள்ளிரவுக்குப் பின் பிரதமர் இந்திரா காந்தி ரேடியோவில் பேசப் போகிறார் என்று ஊரார் விழித்திருந்தார்கள். அப்பொழுது கடலுக்குள்ளிருந்து ஒரு பெரு முழக்கம் கேட்டது. கடற்கரையோரத்து வீடுகளில் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன.

பிறகு அந்தப் பக்கத்து மீனவர்கள் கடலில் மிதந்த சாமான்களை எடுத்து வந்து கடற்படையாரிடம் காட்டினார்கள். முக்குளிப்போர் இறங்கிப் பார்த்தார்கள். காஜி அடியில் கிடந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

எப்படி மூழ்கியது என்பதில் இன்றுவரை ஏகோபித்த அபிப்பிராயம் கிடையாது. ராஜ்புத்தின் குண்டுகளால் என்று நம் தரப்பில் சொன்னார்கள். துறைமுக வாயிலில் தானே விதைத்த கண்ணிகளில் ஒன்றில் தானே மோதியது என்பது பாகிஸ்தானின் கட்சி. உடைந்த இரும்பின் சாயலைப் பார்த்தால் உள்ளிருந்து வெடித்ததாகத் தோன்றுகிறது, பாட்டரி வாயுவாக இருக்கலாம் என்போரும் நம் கடற்படையாரிடையே உண்டு. எது உண்மையானாலும் கிருஷ்ணனின் கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைவு இல்லை. காஜி அங்கே வந்தது அவர் அழைத்ததனால். அது விசாகப்பட்டினத்தின் வாசலில் மூழ்கிய பிறகு, விக்ராந்த் அந்தமானிலிருந்து எழுந்து போய்க் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் விமானங்களால் தாக்கியது. டிசம்பர் 16-ந் தேதி டாக்காவில் பாகிஸ்தான் தளபதி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திடும் பிரசித்தி பெற்ற படத்தில், பின்னால் நிற்பவர்களின் வரிசையில் கிருஷ்ணனைக் காணலாம்.

இவ்வளவையும் நாம் நொச்சிக்குப்பத்துப் பெரியவரிடம் சுருக்கமாகச் சொன்னோம். தந்திக் கதையைக் கேட்டுச் சிரித்தார். மசகெண்ணெய்க் கதைக்குத் தலையை ஆட்டினார். கப்பல் மூழ்கிய இடத்துக்கு வந்தபொழுது அவர் சிரிக்கவில்லை. நம் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டி ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தோம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

"தூக்கிட்டாங்களா ஐயா?" என்று கேட்டார்.

இல்லை. அமெரிக்கர்களும் ரஷ்யர்களும் தூக்கித் தருவதாக முன்வந்தார்கள்; நம் சர்க்கார் வேண்டாம் என்றுவிட்டார்கள். 2024-இல் நம் கடற்படையின் ஆழ்கடல் மீட்புக் கலம் ஒன்று அந்தச் சிதைவை மறுபடியும் கண்டது. உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற மரியாதையினால் தொடாமல் திரும்பினார்கள். குர்சுரா காட்சிக்கு நிற்கும் கடற்கரைக்கு எதிரே, அதிக தூரம் இல்லாத கடலில்தான் அது கிடக்கிறது.

பெரியவர் சற்று நேரம் வலைக் கண்ணிகளை விரலால் எண்ணிக் கொண்டிருந்தார். பிறகு, "அவங்க வூட்ல எப்போ ஐயா தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

இதற்கு நாம் தயாராக இல்லை. யுத்தத்தைப் பற்றி எத்தனையோ படித்திருந்தும் அந்தக் கேள்வியை நாம் கேட்டுக் கொண்டதில்லை. புயலில் படகு திரும்பாத இரவுகளில் அந்தக் கரையில் பெண்கள் விளக்குடன் நின்றதைப் பார்த்தவர் அவர். 2004-ஆம் வருஷத்து டிசம்பர் 26-ஐயும் பார்த்தவர். அவருக்கு அதுதான் முதல் கேள்வி.

வீட்டுக்கு வந்து தேடினோம். கராச்சியில் கடற்படைத் தலைமையகத்துக்கே காஜியின் கதி தெரியாமல் இருந்திருக்கிறது. மூழ்கடித்துவிட்டோம் என்று நம் கடற்படையார் டிசம்பர் 9-ந் தேதி வெளியிட்ட செய்தியைக் கேட்டுத்தான் அவர்களுக்கு முதலில் தெரிந்ததாம். அதுவரை ஐந்து நாள் அந்த வீடுகளில் எதிர்பார்த்துக் கொண்டிருந்திருப்பார்கள்.

அதே டிசம்பர் 9-ந் தேதி இரவு, மேற்கே டையூவுக்கு அப்பாலுள்ள கடலில், ஹாங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி நம்முடைய குக்ரி கப்பலை டார்பிடோவால் அடித்தது. காப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதனுடனேயே போனார். அவரைச் சேர்த்துப் பதினெட்டு அதிகாரிகள். மாலுமிகள் 176 பேர்.

அடுத்த தடவை நொச்சிக்குப்பம் போகும்பொழுது பெரியவரிடம் இரண்டையும் சொல்ல வேண்டும்.